இரண்டு யேரி

— மறுபடியும் ரத்தமா, ரத்தக்காரரே? போன மாசம் எடுத்துட்டுப் போனது அதுக்குள்ள தீந்துபோச்சா?

— ரத்தம் எடுக்க வரல, யேரி அம்மா. ஊசிப்பெட்டியே கொண்டு வரல, பாருங்க. ஒரு சேதி சொல்லணும்.

— அங்கேயே நின்னு சொல்லு, சாரோ. கையில காகிதம் வேற. பெருவிரல் மை வேணுமா? அன்னைக்கு வச்ச மையே இன்னும் காயல.

— மூணு வருஷமா நீங்க கேட்ட காகிதம்தான் இது. பாதிப் பிள்ளைங்களுக்கு மலேரியா ஊசி, பாதிக்கு நாய்க்கடி ஊசி, யாருக்கு எதுன்னு எனக்கும் தெரியாது, போட்ட நர்ஸுக்கும் தெரியாதுன்னு சொன்னேனில்ல?

— சொன்ன. சமைச்சவளுக்கே பானையில என்ன இருக்குன்னு தெரியாதாம். கேட்டுக்கிட்டேன், அவ்வளவுதான்.

— யாருக்கு எதுன்னு எழுதி ஒட்டி வச்சிருந்த உறையை இப்ப பிரிச்சாச்சு. உங்க பையன் யேரிக்குப் போட்டது மலேரியா ஊசிதான். மூணு தடவையும்.

— அப்ப போன மழைக்கு என் பிள்ளைக்கு வந்தது என்ன? வெட்டி வெட்டி இழுத்து, ஒன்பது நாள் கண்ணே திறக்கல. எந்திரிச்சப்ப காது போயிருந்துச்சு. இப்ப முதுகுக்குப் பின்னால தகரத்தைத் தட்டினாலும் திரும்ப மாட்டேங்கிறான். உன் வெள்ளைக்கார டாக்டர் தன் பிள்ளைக்கு இதைப் போடுவாரா?

— அவர் ஊர்ல மலேரியாவே இல்ல. இருந்திருந்தா எங்கப்பா பொறக்கறதுக்கு முன்னாடியே ஊசி வந்திருக்கும். அந்தக் கோபம் எனக்கும் உண்டு.

— கோபமும் உண்டு, சம்பளமும் உண்டு. நீயும் எங்க கிரியாமா சனத்துல பொறந்தவன்தானே? அன்னைக்கு மரத்தடியில எங்களை உட்கார வச்சு என்ன வார்த்தை சொன்ன? சோதனைன்னு சொன்ன. சர்ச்சுல பாதிரியாரும் அதே வார்த்தைதான் சொல்றார், சாத்தான் கொடுக்கறதுக்கு.

— நம்ம பாஷையில அதுக்கு வேற வார்த்தை கிடைக்கல.

— சரியான வார்த்தைதான் கிடைச்சிருக்கு. தன் பிள்ளை சாப்பிடறதுக்கு முன்னாடி அடுத்தவன் பிள்ளை வாயில வச்சுப் பாக்கறது. விஷம்னா முதல்ல விழறவன் நம்ம ஆளு. அன்னைக்கே புரிஞ்சுது எனக்கு.

— புரிஞ்சுமா பேர் கொடுத்தீங்க?

— பேர் கொடுத்த வீட்டுக்குத்தானே இலவச வைத்தியம்னு சொன்ன. நடுராத்திரி காய்ச்சல்னாலும் வண்டி வரும்னு சொன்ன. வேண்டாம்னு சொல்ற வசதி இந்த ஊர்ல யாருக்கு இருக்கு?

— நியாயம்தான். ஆனா ஒண்ணு கேக்கணும், கோவிச்சுக்காதீங்க. போன மாசம் இங்க வந்து நான் எடுத்த ரத்தத்துல அந்த ஊசி போட்ட அடையாளமே இல்ல. ஊசி போட்ட வருஷம் ஆஸ்பத்திரியில நர்ஸ் எடுத்த ரத்தத்துல நிறைய இருந்துச்சு.

— ரத்தம் பிடிச்ச குழாயை நீ மாத்தியிருப்ப.

— ஆபீஸ்லயும் அதையேதான் கேக்கறாங்க. வெள்ளிக்கிழமைக்குள்ள பதில் சொல்லலைன்னா என் வேலை போயிடும். நான் மாத்தல, சத்தியமா. யேரி கையில எடுத்தேன், அங்கேயே குழாய் மேல பேர் எழுதினேன்.

— அப்ப ஊசிதான் பொய். தண்ணியைப் போட்டிருப்பாங்க. சொன்னேன், அவ்வளவுதான்.

— அதோ கோழியைத் துரத்தறானே, அவன் யாரு?

— என் கொழுந்தன் பிள்ளை. பெத்தவ பிரசவத்துலயே போயிட்டா. அப்பன் மொம்பாசா துறைமுகத்துக்குப் போனவன், போனவன்தான். நான்தான் கஞ்சி ஊத்தறேன். அதுக்கும் காகிதம் வேணுமா?

— போன மழைக்கு அவனுக்குக் காய்ச்சல் வந்துச்சா?

— வரல.

— அதுக்கு முந்தின மழைக்கு?

— அவன் கல்லு. அவனை எதுவும் அண்டாது.

— ரெண்டு பேருக்கும் ஒரே வீடு, ஒரே பாய், ஒரே கொசு. அவன் பேர் என்ன, யேரி அம்மா?

— உனக்கு நம்ம வழக்கம் தெரியாதா? மூத்த பையனுக்குத் தாத்தா பேர். என் புருஷனும் அவன் தம்பியும் ஒரே அப்பனுக்குப் பொறந்தவங்க.

— அப்ப அவனும் யேரி.

— அவனும் யேரி.

— ஊசி போட்ட மூணு நாளும் நான் அங்க இல்ல. வண்டியோட அடுத்த ஊருக்குப் போயிருந்தேன். நர்ஸுக்கு ரெண்டு பேர்ல யாரையும் தெரியாது.

— நான் பொய் சொல்லல, சாரோ. அட்டையில யேரின்னு இருந்துச்சு. யேரின்னு கூப்பிட்டாங்க. யேரி போனான்.

— மூணு தடவையுமா?

— மூணு தடவையும்.

— உங்க பிள்ளைக்கு வேண்டாம்னா வேண்டாம்னு சொல்லியிருக்கலாமே. அவனை ஏன் அனுப்பினீங்க?

— தாயில்லாப் பிள்ளை. ஒண்ணு ஆனாலும் கேக்க ஆள் இல்ல. முதல்ல அவனுக்குப் போட்டுப் பாக்கலாம்னு நினைச்சேன்.