ஏழாவது மரம்

ராக்கம்மா: யுனிவர்சிட்டி மரத்துல சாயமா? எனக்கு என்னா தெரியும் வார்டன் மிஸ்? நான் ரப்பர் எஸ்டேட்ல பால் வெட்டுறவ.

ஆவுடையம்மை: எங்க ஹாஸ்டல்லேர்ந்து லெக்சர் ஹால் வரைக்கும் நாப்பத்தி மூணு மரம். எல்லாத்துலயும் வெள்ளை நம்பர். நீங்க உங்க மகளைப் பார்த்துட்டுப் போன மறுநாளே!

ராக்கம்மா: கொரங்கு போட்டிருக்கும் லா.

ஆவுடையம்மை: வரிசையாவா? வர்ற வழியில உங்க ரப்பர் மரங்களைப் பார்த்தேன்மா. அதே சாயத்துல நம்பர்.

ராக்கம்மா: …நாந்தான் மிஸ். எங்களை வேலை வாங்குற மண்டோர்கிட்ட கேட்டு எடுத்துட்டு வந்தேன். என்னைய போலீஸ்ல வேணா புடிச்சுக் குடுங்க. எம் மக செல்லத்தை மட்டும் வெரட்டிடாதீங்க.

ஆவுடையம்மை: யாரு வெரட்டுறா? வழி கொழம்பிப் போயி ரெண்டு வாரமா ரூமை விட்டு வராதவ. யாரையும் கேக்கவும் வாய் வராது. நானும் பேசாத பேச்சில்ல… நம்பர் வந்த அன்னைக்குத் தானா எழும்பி லெக்சருக்குப் போயிட்டா!

ராக்கம்மா: போவா. ஆறு வயசுல எங்கூட வெட்டுக்கு வருவா. நானூறு மரமும் அத்துப்படி. ஒண்ணு சாஞ்சாலும் அங்கயே நின்னு அழுவா.

ஆவுடையம்மை: அவ கணக்குப் பேப்பரைத் திருத்துன லெக்சரர் என்னைத் தேடி வந்து சொன்னாரும்மா. இப்படி ஒரு மூளையைப் பார்த்ததே இல்லையாம்.

ராக்கம்மா: எம் புள்ளையவா? நெசமாவா மிஸ்?

ஆவுடையம்மை: ஆனா… நாலு நாளைக்கு முந்தி ஆபீஸ்ல ஆள் விட்டு எல்லாத்தையும் அழிச்சுட்டாங்க.

ராக்கம்மா: ஐயையோ! நாளன்னைக்குப் பரீட்சையாச்சே!

ஆவுடையம்மை: இருங்க, இருங்க. மறுநாள் விடியறதுக்குள்ள யாரோ திரும்பப் போட்டுட்டாங்க. நாப்பத்தி மூணும்.

ராக்கம்மா: யாரு மிஸ் அந்தப் புண்ணியம் கட்டிக்கிட்டது?

ஆவுடையம்மை: அது கெடக்கட்டும்… செல்லம் ஏழாவது மரத்துகிட்ட நின்னுடறா. மூணு நாளா அங்கேர்ந்தே திரும்பிடறா. கேட்டா, “இது இல்ல”ங்கறா. அவ்வளவுதான். அதைக் கேக்கத்தான் பஸ் ஏறி வந்தேன்.

ராக்கம்மா: ஏழுக்கு நடுவுல கோடு இருக்கா?

ஆவுடையம்மை: கோடா?

ராக்கம்மா: எங்க மண்டோர் ஏழு போட்டா நடுவுல குறுக்க ஒரு கோடு இழுப்பாரு, நானும் அப்படித்தான் போட்டேன். அது இல்லாட்டி அவளுக்கு ஏழே இல்ல மிஸ். போட்டவங்களுக்கு அதெல்லாம் எப்படித் தெரியும், பாவம்…

ஆவுடையம்மை: ஏழு, பதினேழு, இருபத்தேழு, முப்பத்தேழு… நாலு கோடுதானேம்மா? என் டப்பாவுல இன்னும் சாயம் மிச்சமிருக்கு. நாளைக்கு விடியறதுக்குள்ள இழுத்துடறேன்.