தொடாமல் இரண்டு மணி நேரம்

— அந்த தெரபிஸ்ட் மேடம் முன்னாடி என்னை இப்படிப் போட்டுக் கொடுத்திருக்க வேணாம்.

— போட்டுக் கொடுக்கல. வீட்டுல நடக்கறதைச் சொன்னேன்.

— பெத்தவ காலங்காத்தால நாலரை மணிக்கு எழுந்து பொண்ணுக்கு வெந்நீர் வெச்சதை, திருட்டுக் கரண்ட் எடுத்த மாதிரி சொன்னீங்க.

— கிட்டத்தட்ட அதான்.

— என்னது?

— கோவிச்சுக்காம கேளு. மீட்டர்ல காந்தத்தை ஒட்டி வெச்சா ரீடிங் குறைச்சுக் காட்டும். ரீடிங் எடுக்கற நான் போய் அதை நோட்டுல எழுதிட்டு வந்தா, அது அந்த வீட்டுக் கணக்கா? காந்தத்தோட கணக்கு.

— தெரியாமத்தான் கேக்கறேன். எட்டு வயசுப் புள்ளையை வெந்நீர்த் தொட்டியில உக்கார வெச்சு, ஒரு மணி நேரம் காலை நீவி விடறதும் காந்தம் ஒட்டறதும் உங்களுக்கு ஒண்ணா?

— தினமும் செஞ்சா பயிற்சி. இங்க வர்ற அன்னிக்கு மட்டும் நாலரைக்கு எழுந்து, தொட்டியில ஒரு மணி நேரம், மெத்தையில ஒரு மணி நேரம், போதாததுக்கு பஸ்ல துண்டுக்கு அடியில கையை விட்டு நீவிக்கிட்டே வந்தா, அதுக்கு வேற பேர்.

— ஒரு சந்தேகம்.

— என்னடா வாலு?

— மூணு மணி வரைக்கும் யாரும் என் காலைத் தொடக்கூடாதுன்னு மேடம் சொன்னாங்க இல்ல. கொசு தொட்டா?

— அப்பா ஊதி விடுவார். சட்டப்படி.

— ஊதறது தொடறதுல சேராதாப்பா?

— நீ பேசாம படு. பாய் வழுக்குதா? முதுகுக்குத் தலகாணி வைக்கட்டுமா?

— வலது கால் எந்திரிச்சுடுச்சு. இடது இன்னும் தூங்குது.

— பாருங்க, இறுக ஆரம்பிச்சுடுச்சு. இன்னும் முழுசா அரை மணி நேரம்கூட ஆகல.

— அதுக்குத்தானே உக்காந்திருக்கோம். ஆரம்பிக்கட்டும். மேடம் வந்து பார்க்கட்டும்.

— அம்மா, கையைப் பாருங்க.

— ஐயோ மேடம், நான் போர்வையைத்தான் சரி பண்ணேன்.

— போர்வை அந்தப் பக்கம் இருக்கு. கை முட்டியில இருக்கு. எடுத்துடுங்க, சரிங்களா?

— எடுத்துட்டேன். நீங்க அடுத்த பேஷண்ட்டைப் பாருங்க மேடம். நாங்க இங்கயேதான் இருக்கோம்.

— இன்னொரு தடவை சொல்லிடறேன், அப்புறம் குழப்பம் வேணாம். நான் வேலைக்கு வந்ததுக்கு அப்புறம் மூணு தடவை வந்திருக்கீங்க. மூணு தடவையும் ஃபைல்ல தசை இறுக்கம் ஒண்ணுன்னு இருக்கு. ஒண்ணுன்னா லேசா, தொட்டுக் கண்டுபிடிக்கற அளவுதான். இன்னிக்கு மதியமும் என் கையில ஒண்ணுதான் வந்துது. ஆனா எக்ஸ்ரேயில வலது தொடை எலும்பு, இடுப்புக் கிண்ணத்தை விட்டுக் கொஞ்சம் கொஞ்சமா வெளியே நகர்ந்துக்கிட்டு இருக்கு. ஒண்ணு இருக்கற புள்ளைக்கு இவ்வளவு நகராது. எனக்குப் புரியாம இருந்துது. சார் சொன்னதுக்கு அப்புறம்தான் புரியுது.

— ஊசி போட்டா நின்னுடுமா மேடம்?

— ஊசி மட்டும் போட்டா நிக்காது. தொடைச் சதையில போட்டா மூணு மாசத்துக்குக் கொஞ்சம் இளகும். அந்த மூணு மாசத்தை வெச்சு, ராத்திரிக்குக் கால் விரிக்கற பட்டை, நிக்கற பலகை, பயிற்சி எல்லாம் பண்ணணும். அப்படியும் நகர்ந்தா ஆபரேஷன் பத்திப் பேசணும். ஆனா இறுக்கம் ரெண்டுக்கு மேல இருந்தாத்தான் ஊசி லிஸ்ட்ல பேர் எழுதவே விடுவாங்க. டாக்டர் நாலு மணிக்குக் கிளம்பிடுவார். அடுத்த லிஸ்ட் நாலு மாசம் கழிச்சு.

— நாலு மாசத்துல இடுப்பு இன்னும் நகருமா?

— நகரலாம். அதான், நீங்க காலையில நீவின இளக்கமெல்லாம் போகட்டும்னு விட்டு வெச்சிருக்கேன். மூணு மணிக்கு அளக்கறேன். என் கைக்கு என்ன தெரியுதோ அதைத்தான் எழுதுவேன். சரிங்களா?

— சரிங்க மேடம்.

— போயிட்டாங்க. இப்போ திருப்தியா உங்களுக்கு?

— விஷயம் அது இல்ல. அந்த எக்ஸ்ரேயைப் பார்த்தல்ல?

— பார்த்தேன். நான் நீவி நீவித்தான் அந்த எலும்பு நகர்ந்துதா?

— நீவினதால நகரல. நீவினது யாருக்கும் தெரியாததால ஒன்றரை வருஷம் வீணாப் போச்சு.

— முதல் தடவை வந்தப்போ நீங்க வரல. ஞாபகம் இருக்கா?

— லைன்ல மீட்டர் ரீடிங் இருந்துது. லீவு கிடைக்கல.

— நான்தான் தனியா தூக்கிட்டு வந்தேன். அன்னிக்கு மூணுன்னு வந்துது. அப்போ இருந்த தெரபிஸ்ட், பத்து பேர் முன்னாடி, "வீட்டுல ஒண்ணும் செய்யறதே இல்லையா, சும்மா சோறு போட்டுத் தூங்க வைக்கறதுதானா"ன்னு கேட்டார். அதோ, அந்தச் சுவத்துக் கண்ணாடி பக்கத்துலதான். கண்ணாடியில நான் நிக்கறதும் தெரியுது, பின்னாடி எல்லாரும் என்னைப் பார்க்கறதும் தெரியுது.

— இதை என்கிட்ட நீ சொன்னதே இல்ல.

— என்னன்னு சொல்ல? அடுத்த தடவை பரீட்சைக்குப் போற மாதிரி தயார் பண்ணிக் கூட்டிட்டு வந்தேன். ஒண்ணுன்னு வந்துது. ஃபைல்ல, "வீட்டுப் பயிற்சி மிக நன்று"ன்னு எழுதிக் குடுத்தாங்க. பஸ்ல வீடு போய்ச் சேர்ற வரைக்கும் அந்த ஒரு வரியைத்தான் படிச்சுக்கிட்டே போனேன்.

— அம்மா, மணி என்ன?

— ஒண்ணு அம்பது. ஏன்டா?

— இடதும் எந்திரிச்சுடுச்சு.

— ரொம்ப இழுக்குதா?

— கத்திரி போடப் போகுது.

— என்ன கத்திரி? ஏய், அவ என்ன சொல்றா?

— ரெண்டு காலும் ஒண்ணு மேல ஒண்ணு குறுக்கப் போயிடும். அதைத்தான் அவ கத்திரின்னு சொல்லுவா. தினமும் நடக்கறதுதான். நீங்க ஆறு மணிக்குக் கிளம்பிடறீங்க, ஏழு மணிக்குத்தான் அவ கால் எந்திரிக்கும்.

— சாயங்காலம் நான் வரும்போது நல்லாத்தானே இருக்கா.

— நீங்க வர்றதுக்கு முன்னாடி நான் நீவி வெச்சிருப்பேன்.

— எனக்குமா?

— களைச்சுப் போய் வர்ற மனுஷன் கண்ணுல எதுக்குன்னு. மணி என்ன?

— ஒண்ணு அம்பத்தி ரெண்டு.

— கடிகாரம் ஓடுதா, இல்ல அதுக்கும் காந்தமா?

— உக்காரேன். குறுக்கும் நெடுக்குமா நடந்தா எனக்குத் தலை சுத்துது.

— உக்காந்தா கை போகுது. என்ன பண்ணச் சொல்றீங்க?

— கையைக் கட்டிக்க.

— கட்டியாச்சு. பத்து விரலும் துடிக்குது. உங்களுக்கு என்ன, கல்லு. வீட்டுல ஒரு நாள் அவளைத் தூக்கி உக்கார வெச்சிருப்பீங்களா?

— ஒருத்தர் கல்லா இல்லாட்டி இன்னிக்கும் ஒண்ணுதான் வரும். எழுதிக் குடுத்துடுவாங்க, நீயும் பஸ்ல படிச்சுக்கிட்டு வரலாம்.

— இந்தப் பேச்சுக்கு நீங்க லைனுக்கே போயிருக்கலாம்.

— அம்மா.

— சொல்லுடா தங்கம்.

— கத்திரி போட்டுடுச்சு.

— தெரியுது. கொஞ்சம் பொறுத்துக்க. ஏங்க, குதிகால் ஒண்ணோட ஒண்ணு உரசிச் சிவக்குது பாருங்க. நடுவுல ஒரு துண்டாவது வைக்கறேனே. துண்டு வைக்கறது நீவறது இல்லையே.

— வேணாம். துண்டு வைக்கப் போனா கை முட்டிக்குப் போகும், முட்டியிலேருந்து தொடைக்குப் போகும். எனக்கு உன் கையைத் தெரியும்.

— வலிக்குதும்மா.

— வாலு, அப்பாவைப் பாரு. பதிமூணாம் வாய்ப்பாடு சொல்லு பார்க்கலாம்.

— எங்களுக்கு இன்னும் ஏழுதான் நடத்தியிருக்காங்க. பதிமூணு வலிக்கறப்போ எப்படிச் சொல்றது?

— அப்போ ஏழே சொல்லு.

— ஓரேழு ஏழு. ஈரேழு பதினாலு. மூவேழு... மூவேழு... அப்பா, இழுக்குது.

— இருபத்தொண்ணு. சொல்லு.

— அழறா. பாருங்க, அழறா. இன்னும் நாப்பது நிமிஷம் இருக்கு. என்னால முடியல, நான் வெளிய போறேன்.

— போ. போய்க் காத்தாட நில்லு. நான் பார்த்துக்கறேன்.

— அப்பா, பாத்ரூம் போகணும்.

— நான் கூட்டிட்டுப் போறேன், விடுங்க.

— நீ வேணாம். நான் தூக்கிட்டுப் போறேன். மேடம், தூக்கலாமில்ல? அதுவும் தொடறதுல சேருமா?

— தூக்கலாம் சார். நீவாதீங்க, மடக்கி விரிக்காதீங்க. அவ்வளவுதான்.

— நீங்க வேற, மேடம். அவர்கிட்டயா சொல்றீங்க? பொண்ணு கை நீட்டிக் கதறினாலும் விரல் நகத்தைக்கூட வைக்க மாட்டார். அளவுன்னா அவருக்கு உசுரு.

— நீங்க உக்காருங்கம்மா. இந்த நாற்காலியில. தண்ணி குடிங்க.

— நீங்க என்னைத் தப்பா நினைச்சிருப்பீங்க.

— "மிக நன்று"ன்னு எழுதினது யாருன்னு நினைக்கறீங்க? என் கையெழுத்துதான் அது. எனக்கு முன்னாடி இருந்தவர் உங்களைக் கேட்டது, இப்போ நீங்க சார்கிட்ட சொன்னது காதுல விழற வரைக்கும் எனக்குத் தெரியாது. நான் வந்த முதல் வாரம், ஒரு நாளைக்கு இருபத்தஞ்சு குழந்தைங்க. இளகின காலைப் பார்த்ததும் சந்தோஷமா எழுதிட்டு அடுத்த குழந்தைக்குப் போயிட்டேன். வீட்டுல எப்படி இருக்கான்னு அந்தப் பொண்ணை ஒரு வார்த்தை கேட்டிருக்கணும். கேக்கல.

— அவ பேச்சு எல்லாருக்கும் புரியாது மேடம். நிதானமாத்தான் வரும்.

— காத்திருந்தா புரியுது. இன்னிக்குக் காத்திருந்தேன், புரிஞ்சுது. அம்மா, ஒண்ணு சொல்றேன். நான் அளக்கறது அவ காலை. உங்களுக்கு நான் மார்க் போடல. சரிங்களா?

— சரிங்க. புத்திக்குப் புரியுது. கைக்குத்தான் புரியல.

— கைக்கு வேலை தர்றேன். ஊசி போட்டதுக்கு அப்புறம் மூணு மாசம், ஓய்வே இருக்காது.

— ஊசி கிடைச்சாத்தானே மேடம். போயி எவ்வளவு நேரமாச்சு? அரை மணி நேரம் இருக்குமே. நான் போய்ப் பார்க்கட்டுமா?

— பெரிய கதவு, தாழ்ப்பாள் சரியா விழாது. கொஞ்சம் நேரமாகும்.

— இதோ வர்றாங்க. என்னங்க இவ்வளவு நேரம்?

— அங்க வரிசை.

— சட்டைக் கையெல்லாம் நனைஞ்சிருக்கு?

— குழாய் தெறிச்சுது.

— கண்ணு வேற சிவந்திருக்கு.

— ஃபினாயில் நெடி. ஊத்தித் தள்ளியிருக்காங்க. மணி என்ன?

— மூணாகுது. சார், பாயில படுக்க வைங்க. வாலு, உன் கால் ரெண்டையும் நான் ஒவ்வொண்ணா வேகமா விரிப்பேன். முதல்ல வலது. சரியா?

— ம்.

— இன்னொரு தடவை. இடது. மறுபடி வலது.

— என்ன மேடம், எவ்வளவு வந்துது?

— ஒண்ணு.

— என்ன ஒண்ணு?

— வலதும் ஒண்ணு, இடதும் ஒண்ணு. மதியம் இருந்த மாதிரியேதான் இருக்கு.

— இருக்காது மேடம். கத்திரி போட்டிருந்துதே. நீங்களே கண்ணால பார்த்தீங்களே.

— தூரத்துலேருந்து பார்த்தேன். கையில அளந்தது ஒண்ணுதான். அம்மா, வருத்தப்படாம சொல்லுங்க. தொட்டீங்களா?

— இல்ல.

— கோபப்பட மாட்டேன்.

— சத்தியமா இல்ல மேடம். வெளிய போறேன்னு எழுந்தேன், அப்புறம் உங்க பக்கத்துலயேதான் உக்காந்திருந்தேன். ஏங்க, நீங்க சொல்லுங்க. ரெண்டு மணி நேரமா என் கையைத்தானே காவல் காத்தீங்க. நான் தொட்டேனா?

— இல்ல. அவ தொடல.

— அதை ஏன் தரையைப் பார்த்துக்கிட்டு சொல்றீங்க?

— அவ தொடல மேடம்.

— அப்போ இதுதான் குழந்தையோட நிஜமான இறுக்கம்னு ஆகுது. நான் வேற மாதிரி எழுத முடியாது. இந்தத் தடவை லிஸ்ட்ல பேர் போகாது. நாலு மாசம் கழிச்சு...

— ஒரு சந்தேகம்.

— வாலு, இப்போ வேணாம்.

— பேசட்டும் சார். நான் காத்திருக்கேன். சொல்லும்மா.

— சொல்லக்கூடாதுன்னு சொன்னதை, மேடம் கேட்டா சொல்லலாமா?

— கேக்கறேன். சொல்லு.

— அம்மா தொடவே இல்ல. அப்பாதான் பாத்ரூம் கதவைச் சாத்திட்டு, வெந்நீர்க் குழாயைத் திறந்து விட்டு நீவினார். இவ்வளவு வலிக்கும்னு எனக்குத் தெரியாதே, தெரியாதேன்னு அழுதுக்கிட்டே.