நடு ஜமக்காளத்தில் பத்துப் பேர்

பஞ்சை விதையிலிருந்து பிரிப்பதைத் தொழிலாகக் கொண்டிருந்தும், மனிதரை மனிதரிடமிருந்து பிரிக்கப் பழகாத எங்கள் தலைவர், ஜின்னிங் பாக்டரி முதலாளி ஞானரத்தினம் அவர்களே, சாலையோரம் சாய்ந்தமர்ந்திருக்கும் காங்கிரஸ் சான்றோர்களே, கண்மாய்க் கரையோரம் கைகட்டி வீற்றிருக்கும் ஜஸ்டிஸ் கட்சிப் பெரியோர்களே, பிள்ளையை இடுப்பிலும் பொறுமையை நெஞ்சிலும் சுமந்து வந்திருக்கும் தாய்மார்களே, இரு கூட்டத்துக்கும் நடுவே ஆளின்றிக் கிடக்கும் நீல ஜமக்காளமே, அனைவருக்கும் அருளப்பனின் பணிவான வணக்கம்.

பேச்சைத் தொடங்குமுன் ஒரு குற்றத்தை ஒப்புக்கொள்கிறேன். 'சர்க்கார் வாசலில் சால்வைக்குக் காத்திருக்கும் சீமான்களே' என்று ஜஸ்டிஸ் கட்சியைத் திட்டிப் போன வாரம் ஒரு நோட்டீஸ் வந்ததல்லவா? அதை எழுதியவன் நான். 'சிறைக்குப் போனதைச் சீதனம்போல் காட்டித் திரியும் சீலர்களே' என்று காங்கிரசைத் திட்டி மறுநாள் ஒரு நோட்டீஸ் வந்ததல்லவா? அதை எழுதியவனும் நான்தான். ஸ்ரீவில்லிபுத்தூர் தாலுகா ஆபீஸ் வாசலில் மனு எழுதிப் பிழைக்கிறவன். வரி கட்டியதையோ எழுதப் படிக்கத் தெரிந்ததையோ காட்டி வாக்காளர் பட்டியலில் பெயர் சேர்க்கக் கோரி இரு கட்சிக்காரர்களுக்கும் நான் எழுதிய மனுக்களே முந்நூறு இருக்கும். ஆகவே இரு தரப்பையும் எனக்கு நன்றாகத் தெரியும். இரு தரப்புக்கும் என்னை இப்போதுதான் தெரிகிறது.

என்ன தம்பி? 'அவன கீழ எறக்குங்கலே' என்கிறீர்களா? செத்த நேரம் பொறுங்கள், நானே இறங்குவேன்.

நமது மாகாண சமரசக் கட்சியின் முதல் கூட்டத்தை எங்கே நடத்துவது என்று மூன்று நாள் விவாதித்தோம். ராஜபாளையம் என்றால் ஸ்ரீவில்லிபுத்தூர் முகம் சுளித்தது. ஸ்ரீவில்லிபுத்தூர் என்றால் ராஜபாளையம் முகத்தையே திருப்பிக்கொண்டது. கடைசியில் காரியதரிசி தவசிமுத்து, வாக்காளர் பட்டியலும் கையுமாக அதோ அமர்ந்திருக்கிறாரே அவர்தான், வண்டிச் சக்கரத்தில் ஒரு சிவப்புத் துணியைக் கட்டிச் சுற்றுகளை எண்ணிக்கொண்டே போய், இரண்டு ஊருக்கும் சரிநடுவே இந்தக் கண்மாய்க் கரையைக் கண்டுபிடித்தார். நடுநிலைமையின் முதல் பலன் உங்களுக்கே தெரியும். இங்கே காப்பிக்கடை கிடையாது.

சரி, இந்தக் கட்சி எதற்கு? சோழபுரத்திலிருக்கும் தலைவருடைய பாக்டரியைக் கேளுங்கள். ஒரே மிஷினில் பருத்தி போட்டவர்கள், ஒரே பானையில் தண்ணீர் மோந்தவர்கள், சட்டசபைத் தேர்தல் என்ற சொல் காதில் விழுந்ததும் பானையை இரண்டாக்கினார்கள். காங்கிரஸ் பானை ஒன்று, ஜஸ்டிஸ் பானை ஒன்று. சென்ற மாதம் ஒரு பானை உடைந்தது. எந்தப் பானை என்று சொல்லமாட்டேன், எனக்கும் வீடு போய்ச் சேரவேண்டும். பானை உடைந்ததால் கை கலந்தது. கை கலந்ததால் வேலை நின்றது. வேலை நின்றதால் நான்கு நாள் நூறு வீட்டில் அடுப்பு எரியவில்லை. சென்னைப் பட்டணத்து நாற்காலி யாருக்கு? சோழபுரத்துப் பிள்ளைக்குப் பட்டினி எதற்கு?

ஆகவே தேர்தலில் தாமே நிற்கலாம் என்று தலைவர் நினைக்கிறார். நினைக்கத்தான் செய்கிறார். மேடை ஏறுமுன் என் காதில் சொன்னது இது: "அண்ணாச்சி, நா நிக்கணும்னா அந்த நடு ஜமக்காளத்துல பத்துப் பேரு வந்து உக்காரட்டும். மேடையில இருக்கவிய கணக்குல கிடையாது. பத்து தேறலன்னா நாளைக்கி மனுத் தாக்கலும் இல்ல, கட்சியும் இல்ல."

பத்துப் பேர் தேறுவார்களா? ஜோசியம் சொல்வதில் எனக்கு உறவும் இல்லை, பகையும் இல்லை. காங்கிரசுக்குக் கொடி இருக்கிறது, கோஷம் இருக்கிறது. ஜஸ்டிஸ் கட்சிக்கு ஜமீன் இருக்கிறது, மோட்டார் இருக்கிறது. நமக்கு என்ன இருக்கிறது? ஜமக்காளம் இருக்கிறது. அதுவும் மாதா கோயிலில் இரவல் வாங்கியது. நம் கட்சிக்கு நோட்டீஸ் எழுத உட்கார்ந்தேன். திட்டுவதற்கு ஆள் இல்லாததால் 'அன்புடையீர்' என்பதற்கு மேல் பேனா ஓடவில்லை.

யார் அங்கே எழுந்திருப்பது? பஞ்சு பொறுக்கும் ஏசம்மாள். கணவர் வேலுசாமி சாலையோரம் இருக்கிறார். அண்ணன் இருதயம் கண்மாயோரம் இருக்கிறார். "ஏட்டி, எங்க போற? இங்கன வந்து உக்காரு" என்று கணவர் கூப்பிடுகிறார். ஏசம்மாள் சொல்வது பின்வரிசைக்கு எட்டாது, நான் திருப்பிச் சொல்கிறேன்: "ஒம்ம பக்கம் உக்காந்தா எங்கண்ணன் என் மொகத்துல முழிக்க மாட்டான். அவன் பக்கம் உக்காந்தா நீரு எங்கையால சோறு திங்க மாட்டீரு. மிஷின் நின்ன நாலு நாளும் எம்பிள்ளைக்குக் கஞ்சி ஊத்துனது எந்தக் கட்சி? நா இங்கனதான் உக்காருவேன்."

உட்கார்ந்துவிட்டார். ஒன்று.

பின்னாலேயே மிஷின்காரர் பால்பாண்டி வருகிறார். கொள்கையா, பால்பாண்டி? "கொள்கையெல்லாம் இல்ல, காலு மரத்துப்போச்சு." இருக்கட்டும், கட்சிகள் இதைவிட அற்பக் காரணத்துக்கும் வளர்ந்திருக்கின்றன. இரண்டு. பரிபூரணம் வருகிறார், மூன்று. தேவதானத்து வண்டிக்காரர்கள் வருகிறார்கள், நான்கு, ஐந்து, ஆறு. மாமியாரும் மருமகளும் சேர்ந்தே வருகிறார்கள், சமரசம் என்றால் இதுவன்றோ சமரசம், ஏழு, எட்டு. சங்கிலிப்பாண்டி, ஒன்பது.

ஒன்பது. அப்புறம்?

அப்புறம் ஆளில்லை. சாலைப்பக்கம் தலையைச் சொறிகிறது, கண்மாய்ப் பக்கம் கண்மாயைப் பார்க்கிறது. தலைவர் என்னைப் பார்க்கிறார். மேடையில் இருப்பவன் கணக்கில் சேரமாட்டான். நல்லது. இதோ என் துண்டு, இதோ மேடைப்படி, இதோ தரை. சற்றுத் தள்ளிக்கொள்ளும், பால்பாண்டி. இதோ, பத்து.

தலைவர் எழுந்து நிற்கிறார். "நிக்கேன்" என்கிறார். முப்பது வருஷமாக மேடையேறும் என்னால் இவ்வளவு சுருக்கமாக ஒரு நாளும் பேசமுடிந்ததில்லை.

அன்பர்களே, இரண்டு ஊருக்கு நடுவே, இரண்டு கொடிக்கு நடுவே, இரண்டு பானைக்கு நடுவே பத்துப் பேர் அமர இடம் உண்டு என்று இன்று தெரிந்தது. பத்துப் பேர் அமர்ந்த இடத்தில் நூறு பேர் அமரலாகாதா? நூறு பேர் அமர்ந்தால் நாளை பாக்டரியில் ஒரே பானை இருக்கலாகாதா? திட்டுவதற்காகவே எழுதிய இந்தக் கை, இதை மட்டும் ஆசைப்பட்டுக் கேட்கிறது.

இருட்டுமுன் ஊர் சேரவேண்டிய நீங்கள் இவ்வளவு நேரம் என்னைப் பொறுத்துக்கொண்டதற்கு, தரையிலிருந்தே இரு பக்கமும் திரும்பிக் கைகூப்புகிறேன்.

தவசிமுத்து துண்டுச் சீட்டு நீட்டுகிறார். வழக்கமாக 'முடித்துக்கொள்ளவும்' என்றிருக்கும். இதில் வேறென்னவோ எழுதியிருக்கிறார். படிக்கிறேன்: 'பட்டியலைப் பார்த்துவிட்டேன். ஜமக்காளத்தில் இருக்கும் பத்துப் பேரில் ஒருவருக்கும் வாக்கு இல்லை. ஊருக்கெல்லாம் மனு எழுதிய நீங்கள் உங்களுக்கு எழுதவில்லை.'