மூன்றின் வளைவு

கூர்மையான முனைகள் எனக்குப் பிடிக்காது, ஐயா. வீட்டு மேசையின் மூலைகளைக்கூட நானே தேய்த்து உருட்டி வைத்திருக்கிறேன்.

எழுத்துரு வரைவது என் தொழில். பிஷ்கெக்கில் ஒரு மருந்து நிறுவனம், நோயாளியைப் பயமுறுத்தாத எழுத்து வேண்டும் என்றது. இரண்டு ஆண்டுகள் உழைத்தேன். எல்லா எழுத்தும் ஒரே வட்டத்திலிருந்து பிறந்தவை. எல்லா முனையும் விரல்நுனிபோல் உருண்டவை. அதில் மூன்று என்ற இலக்கம்தான் என் பெருமை. அதன் இரண்டு வாய்களும் உள்ளே சுருண்டு, மூடப்போகும் இடத்தில் நின்றுவிடும்.

மருந்து கடைக்கு வந்த மாதமே, குழந்தைகள் மருத்துவமனைச் செவிலி ஜில்திஸ் என் அறைக்கு வந்தார். வீரியம் மூன்று, வீரியம் எட்டு என்று அச்சிட்ட வலிப்பு மருந்துக் குப்பிகள் இரண்டை மேசையில் வைத்தார்.

"தம்பி, இதுல எது மூணு, எது எட்டு?"

"இடதுபக்கம் மூணு, அக்கா."

"வரைஞ்ச உனக்குத் தெரியுது. எனக்கு ரெண்டும் எட்டுதான். பொடி எழுத்துல மை பரவி வாய் அடைச்சுக்குது. நேத்து கடைசி நிமிஷத்துல ஊசியை நிறுத்தினேன். கொஞ்சம் திறந்துவிட்டா உனக்கு என்ன குறைஞ்சுபோகுது?"

பார்க்கிறேன் என்றேன்.

பத்து நிமிட வேலை. அன்றே திறந்து பார்த்தேன். பல் விழுந்த வாய்போல் இருந்தது. பழையபடியே மூடிவிட்டேன். அவர் வந்ததை நிறுவனத்திடம் சொல்லவில்லை.

ஏழு வாரத்தில் அய்பெரி என்ற நான்கு வயதுக் குழந்தை இறந்தாள். அலமாரியில் மூன்றுக்கு உரிய தட்டில் யாரோ எட்டை அடுக்கியிருந்தார்கள். அவசரத்தில் ஊசி போட்டவர் ஜில்திஸ்.

அவர்மேல் நடந்த வழக்கில் நீதிமன்றம் என்னை நிபுணராக அழைத்தது. இரண்டு இலக்கங்களையும் கதவளவு பெரிதாக அச்சிட்டு எடுத்துப்போனேன். அந்த அளவில் யாருக்கும் வித்தியாசம் தெரியும். கூண்டிலிருந்து ஜில்திஸ் சொன்னார்:

"நான் நேர்லயே வந்து சொன்னேனே. வாயைத் திறந்து சொல்லுப்பா."

"இந்த அம்மாவை இன்னைக்குத்தான் பார்க்கிறேன்" என்றேன்.

அவருக்கு ஐந்து ஆண்டுத் தண்டனை. இரண்டாவது குளிர்காலத்தில், போன திங்களன்று, சிறையிலேயே நுரையீரல் நோயில் இறந்துபோனார். இனி நான் பேசி யாருக்கும் ஆகப்போவது ஒன்றுமில்லை, தெரிந்துதான் வந்திருக்கிறேன். குழந்தையைக் கொன்றதும் அவரைக் கொன்றதும் நான்தான். எழுதிக்கொள்ளுங்கள், கையெழுத்துப் போடுகிறேன்.

எழுத்துருவை வேறு யாரிடமாவது திருத்தக் கொடுப்பார்கள். அவர்களிடம் ஒன்று மட்டும் சொல்லுங்கள், ஐயா. எட்டை வேண்டுமானால் மாற்றட்டும். மூன்றைத் தொடவேண்டாம். அது சரியாக வந்திருக்கிறது.