ஹீலியத்துக்கு இரண்டு என்று எழுதிய பத்தொன்பது பேர்

மேடையில் வீற்றிருக்கும் மாகாணத் தேர்வுக்குழுத் தலைவர் அவர்களே, சுரங்கத் தொழிற்சங்கத் தோழர்களே, கோகா இலையும் கண்ணீருமாக வந்திருக்கும் தாய்மார்களே, வணக்கம்!

இயற்பியல் வாத்தியார் எவரிஸ்தோ லுக்கானாவாகிய நான் எதையும் சந்தேகப்படும் பேர்வழி என்று நீங்கள் பேசிக்கொள்வது எனக்குத் தெரியும். இன்றும் சந்தேகத்தோடுதான் நிற்கிறேன். நம் வேதியியல் ஆசான் தெயோதுலோ கொந்தார்கோ உயிரோடிருந்தபோது எட்டிப் பார்க்காத தேர்வுக்குழு, இன்று ஆளுயர மலர்வளையத்தோடு ஏன் வந்திருக்கிறது?

அவர் எப்படிப் பாடம் நடத்தினார்? மேசையில் துணி விரிப்பார். சுரங்கத்தில் களைப்புத் தெரியாமலிருக்க மெல்லும் அதே கோகா இலைகளை எலக்ட்ரான்களாக வட்டம் வட்டமாக அடுக்குவார். உள்வட்டங்களைச் சுரங்கத் தொப்பியால் மூடுவார். "வெளியில எத்தனை நிக்குது? அதை மட்டும் எண்ணுங்க. அதுதான் அடுத்தவனோட கைகோக்கும்" என்பார். மக்னீசியமா? இரண்டு! கார்பனா? நான்கு! நம் பிள்ளைகள் அட்டவணை பார்க்காமலே சொன்னார்கள்.

ஆறு ஆண்டுகளுக்கு முன் மாகாணத் தேர்வில் ஹீலியத்துக்கு வெளிவட்ட எலக்ட்ரான் எத்தனை என்று கேட்டார்கள். தேர்வெழுதிய நம் பத்தொன்பது பிள்ளைகளும் இரண்டு என்று எழுதினார்கள். அதற்கு மொத்தமே இரண்டு இலைதான், தொப்பிக்கே வேலையில்லை! விடைக்குறிப்போ எட்டு என்றது. அட்டவணையில் ஹீலியம் பதினெட்டாம் தொகுதி என்றதும், பதினெட்டின் கடைசி இலக்கமான எட்டை எடுத்துப் போட்டுவிட்டார்கள். பத்தொன்பது பேருக்கும் ஒரே தவறா, அப்படியானால் பார்த்து எழுதியதுதான் என்று தேர்வையே ரத்து செய்தார்கள்.

விசாரணையில் ஒருவர் கேட்டார்: "என்ன கொந்தார்கோ சார், இலை பாத்துக் குறி சொல்றீங்களாமே?"

"குறி சொல்லத் தெரிஞ்சா உங்க விடைக்குறிப்ப முன்னாடியே திருத்திக் குடுத்திருப்பேனேய்யா!"

மறுவாரம் அவரை வகுப்பிலிருந்து கிடங்குக்கு மாற்றினார்கள். கடிதம் மேல் கடிதம் எழுதினார். தனக்காகவா? இல்லை! அந்தப் பிள்ளைகள் மீதுள்ள திருட்டுப் பட்டத்தை நீக்குங்கள் என்று. பதில் வந்ததா? இல்லை!

முந்தாநாள், உடல் வீட்டில் இருக்கும்போதே, குழுவிலிருந்து ஒருவர் அவர் மனைவி பிரிமித்திவாவிடம் போயிருக்கிறார். "அந்தக் கடித நகலெல்லாம் குடுங்கம்மா, நாங்க பத்திரமா வச்சுக்கிறோம்."

"மனுசனையே பத்திரமா வச்சுக்கல, காகிதத்தையா வச்சுக்கப் போறீங்க? போய்யா வெளிய!"

மலர்வளையம் எதற்கென்று இப்போது புரிகிறதா?

ஆனால் தோழர்களே, அன்று தேர்வை ரத்து செய்ய, பிள்ளைகள் பார்த்துத்தான் எழுதினார்கள் என்று பள்ளியிலிருந்து ஒரு கையெழுத்து வேண்டியிருந்தது. புத்தகத்தைத் திறந்துகூடப் பார்க்காமல் ஒருவர் போட்டார். அது நான்தான். ஊரில் எல்லாவற்றையும் சந்தேகப்பட்ட நான், அந்த விடைக்குறிப்பை மட்டும் சந்தேகப்படவில்லை. அவருக்கு அது தெரியும். ஒரு நாளும் ஏன் என்று கேட்டதில்லை. வெட்கத்தால் சாகிறேன்.

ஆசானே! அந்தக் கையெழுத்தை இத்தனை பேர் முன்னால் திரும்பப் பெறுகிறேன். உங்கள் வேலையை இந்த நிமிடமே தொடங்குகிறேன். தலைவர் அவர்களே, எழுந்து நில்லுங்கள். பத்தொன்பது பெயர்களையும் வாசிக்கப் போகிறேன். ஒவ்வொரு பெயருக்கும் 'விடை சரி' என்று நீங்கள் உரக்கச் சொல்லும்வரை இந்தக் கூட்டம் கலையாது.

முதல் பெயர், செவெரா கோல்கே.