பொன்னுருக்குக்கு முதல்நாள்

— மெல்லக் கதை புள்ள. இந்தப் பாதைப் படகில நிக்கிறதெல்லாம் நம்மட ஊர்ச் சனம்.

— இந்த எஞ்சின் இரைச்சல்ல ஆருக்குக் கேக்கப் போகுது? அம்பிளாந்துறைக் கரை வர முதல் சொல்லுங்க பாப்பம். "சுபாகரன் மட்டும் உள்ள வாங்க" எண்டாரே டொக்டர், என்ன சொன்னவர்?

— பிள்ளை இல்லாததுக்குப் பிழை உன்னில இல்ல, பிரஷாந்தி.

— அப்ப?

— என்னிலதான். வித்து உண்டாகக்குள்ள அப்பா வழி வந்த இழையும் அம்மா வழி வந்த இழையும் சோடி சேர்ந்து துண்டு மாத்திக்கணுமாம். மாத்துற இடத்தை இறுக்கிப் பிடிக்க ஒரு புரதம் இரிக்காம். எனக்கு அது பிறவியிலயே பழுதாம். மாத்த ஏலாம வித்தெல்லாம் பாதியிலயே செத்துப்போகுதாம்.

— மருந்து?

— இல்லையாம்.

— அப்ப நான் போட்ட ஊசியெல்லாம்? வயிறெல்லாம் நீலம் பாரிச்சுக் கிடக்கு. அமிர்தகழிக் கோயில்ல ஈரச்சீலையோட விழுந்து கும்பிட்டன். மாமி என்னை ஒரு தொட்டிலையும் தொட விடல்ல.

— தெரியும் புள்ள. உன்ட முகத்தைப் பாக்க வெக்கமாக் கிடக்கு. என்னையும் சோதிக்கணுமெண்டு முதலே கேட்டவங்க. நான்தான் ரோசத்தில மாட்டன் எண்டன்.

— எனக்குக் கோவம்தான். பொய் சொல்லமாட்டன். ஆனா பழுதை நீங்க கேட்டு வாங்கல்லத்தானே. வீட்ட போய் அழுவம்.

— இன்னும் ஒண்டு இரிக்கு.

— சொல்லுங்க பாப்பம்.

— எங்கட அப்பா அவர்ட மாமாட மகளைத்தானே கலியாணம் முடிச்சவர். ரெண்டு பேரிட்ட இருந்தும் வந்தாத்தான் இந்தப் பழுது வருமாம். தங்கச்சிக்கும் இரிக்கலாமாம். பொம்புளைப் பிள்ளையெண்டா முட்டையெல்லாம் இளவயசிலயே முடிஞ்சிருமாம்.

— நிலக்சிக்கா? நாளைக்கு எங்கட வீட்ட பொன்னுருக்கு! அவள்ட தாலிக்கு என்ட தம்பி திவாகரன் பொன் உருக்கப் போறான்!

— அதுதான் புள்ள... கலியாணம் முடியட்டும். மறுகா சொல்லுவம்.

— திவாகரனுக்கு மறைக்கச் சொல்லுறீங்களா?

— இப்ப குழம்பினா என்ட தங்கச்சியை ஆர் முடிக்கிற? அவள் அவனில உசிரையே வச்சிரிக்காள்.

— என்னைத் தெரியாம வருத்தினீங்க, அது வேற. தெரிஞ்சுகொண்டு என்ட தம்பியை ஏமாத்தப் போறீங்களா? நான் தூக்கி வளத்த பொடியன். என்னட்ட ஒண்டும் மறைக்காதவன். அவனுக்கு நான் எப்பிடி மறைப்பன்?

— நான் பாவி. என்னால ரெண்டு பொம்புளையள்ட சீவியம் போகுது.

— பாவத்தைப் பிறகு பாப்பம். போனை எடுங்க. நிலக்சிட்டச் சொல்லுங்க, அவளே அவனுக்குச் சொல்லட்டும். எனக்கும் கேக்கிற மாதிரி ஸ்பீக்கர்ல போடுங்க.

— நீயே எடுத்துத் தா புள்ள.

— தாங்க, நான் அடிக்கிறன். ம், கதைங்க.

— ஹலோ, நிலக்சியா?

— அண்ணா! பாதையிலயா? ஒரே இரைச்சலாக் கிடக்கு.

— ஓம் மனே. ஒண்டு சொல்லணும், பதறாத. எனக்குப் பிள்ளை கிடைக்காதாம். பிறவிப் பழுதாம். உனக்கும் அது இரிக்கலாமாம். பொன்னுருக்க முதல் திவாகரனுக்குச் சொல்லிப்போடு.

— ஐயோ அண்ணா...

— அழாத மனே. நாங்க இரிக்கம்.

— அவருக்குத் தெரியும் அண்ணா.

— என்ன தெரியும்?

— எனக்குப் போன வருசமே மாதம் வாறது நிண்டுட்டு. அவர்தான் கொழும்புக்குக் கூட்டிப்போய்க் காட்டினவர். இதே பழுதுதான். பிள்ளை இல்லாட்டியும் நீ போதுமெண்டுதான் முடிக்கிறார்.

— கேட்டியா பிரஷாந்தி, உன்ட தம்பி சொன்னதை?

— கேட்டன். அவன் தங்கம். நிலக்சி, நீ அழாத கா. நாளைக்கு நானே நிண்டு எல்லாம் பாக்கிறன்.

— ஐயோ, மச்சாளும் கேட்டுக்கொண்டா நிக்கிறீங்க? என்னை மன்னிச்சிருங்க மச்சாள். அண்ணாவையும் கூட்டிவரச் சொல்லி டொக்டர் அப்பவே சொன்னவர். நான் சொல்லத்தான் வெளிக்கிட்டன், உங்கட தம்பிதான் விடல்ல. "அக்கா ஊசியைப் போட்டுட்டு இரிக்கட்டும், தெரிஞ்சா அத்தானை விட்டுட்டு வந்திருவா, மறுகா நம்மட கலியாணம் நடக்காது" எண்டவர்.