டேப்பின் மறுமுனை

மேடையில் வீற்றிருக்கும் குடியிருப்போர் சங்கத் தலைவர் ஐயா அவர்களே, செயலாளர் அவர்களே, எனக்கு முன்னால் பேசி அமர்ந்திருக்கும் பெரியவர்களே, முதல் வரிசையில் யார் முகத்தையும் பார்க்காமல் உட்கார்ந்திருக்கும் அண்ணி அவர்களே, அண்ணனின் அருமை மகளே, நாற்றுப்பண்ணையில் அவரோடு மண் சுமந்த தோழர்களே, நாற்காலி கிடைக்காமல் வாசல் வரை நிற்கும் எங்கள் தெருக்காரர்களே! உங்கள் எல்லோருக்கும் இந்தக் குழாய் வேலைக்காரனின் வணக்கம்.

எனக்கு மேடைப் பழக்கம் கிடையாது. அதனால் செயலாளர் அவர்களே பெரிய மனது பண்ணி ஒரு தாளில் எழுதிக் கொடுத்திருக்கிறார். சட்டைப்பையில் இருக்கிறது. நல்ல தமிழ்தான். ஆனால் முதல் வரியிலேயே, 'ஆலமரம் ஒன்று சாய்ந்துவிட்டது' என்று இருக்கிறது. எனக்கு முன்னால் பேசிய மூன்று பேரும் அதையேதான் சொன்னீர்கள். ஆலமரம்! யாரை? நம் டேப்புக்காரரையா? அவர் மட்டும் இங்கே இருந்திருந்தால் நாற்காலியை விட்டு எழுந்து, "ஐயா, ஆலமரம்ங்கறீங்களே, சுவர்ல இருந்து எத்தன அடி தள்ளி?" என்று கேட்டிருப்பார். நீங்கள் பதில் சொல்லும்வரை உட்கார்ந்திருக்கவும் மாட்டார்.

சிரிக்கிறீர்கள். சிரியுங்கள். பத்து நாளாக நானும் சிரிப்பதற்கு ஏதாவது கிடைக்காதா என்றுதான் பார்க்கிறேன்.

நாற்றுப்பண்ணை உரிமையாளர், வீட்டுக்கு மரம் தேர்ந்து தருவதில் இந்த ஊரே வியந்த வல்லுநர், நம் அன்பு அண்ணன் டேப்புக்காரர் அவர்கள்! அவரிடம் கன்று வாங்கப் போனவர்கள் எத்தனை பேர் இங்கே இருக்கிறீர்கள்? போன உடனே கன்று கிடைத்ததா உங்களுக்கு? கிடைத்திருக்காது. என்ன மரம் வேண்டும், என்ன நிறத்தில் பூ வேண்டும் என்று அவர் கேட்க மாட்டார். "வீட்ட வந்து பாக்கறேன்" என்பார். வந்தால் உங்கள் குளியலறைக்குள் நுழைவார். துணிக்குப் போடும் நீலத்தை ஒரு வாளித் தண்ணீரில் கரைத்து ஊற்றிவிட்டு, வெளியே ஓடி ஒவ்வொரு தொட்டி மூடியாகத் திறந்து, நீலம் எங்கே வருகிறது என்று பார்ப்பார். கழிவுநீர்க் குழாய் போகும் வழியில் சுண்ணாம்புக் கோடு போடுவார். அதன் பிறகுதான் அளக்கும் டேப் வெளியே வரும். இந்த மரம் வளர்ந்தால் எவ்வளவு உயரம்? அதில் பாதி தூரமாவது சுவரை விட்டுத் தள்ளி இருக்கிறதா? இல்லையென்றால் அந்த மரம் உங்களுக்கு இல்லை. எலுமிச்சை தருவார், மாதுளை தருவார், பவழமல்லி தருவார். நீங்கள் தலைகீழாக நின்றாலும் வேறு தர மாட்டார்.

ஒரு வங்கி அதிகாரி அம்மா, ஜன்னலுக்கு நிழல் வேண்டுமென்று அத்திக்கன்று கேட்டு வந்தார். ஜன்னலிலிருந்து ஐந்தடியில் வைக்கப் போகிறாராம். அண்ணன் முடியவே முடியாது என்றுவிட்டார். அந்த அம்மாவுக்குக் கோபம் வந்துவிட்டது.

"நான் காசு குடுக்கறேன், நீங்க கன்னு குடுங்க. அவ்வளவுதான? என் வீட்டுல நான் எங்க வச்சா உங்களுக்கு என்ன?"

"கன்னு இன்னிக்கே குடுத்துடுவேன்மா. பத்து வருஷம் கழிச்சு சுவர் பொளந்தா, வீடு யார் குடுப்பா?"

அந்த அம்மா அடுத்த கடையில் வாங்கிக்கொண்டு போனார். இப்போது அந்த ஜன்னலைச் சாத்த முடிவதில்லை, சட்டம் கோணிவிட்டது. அவர் இந்தக் கூட்டத்துக்கு வந்திருக்கிறார். எங்கே உட்கார்ந்திருக்கிறார் என்று நான் சொல்லப்போவதில்லை.

இவ்வளவு கறாரான மனிதர் பிறக்கும்போதே இப்படிப் பிறந்தாரா? இல்லை, தோழர்களே! இதை யாரும் இதுவரை சொல்லவில்லை. நான்தான் சொல்ல வேண்டும். ஏனென்றால் அவரை இப்படி மாற்றிய குற்றத்தில் எனக்கும் பாதிப் பங்கு உண்டு.

இருபத்தாறு வருடத்துக்கு முன்னால் நம் தெரு புதிதாக எழும்பியபோது, முதல் மழைக்காலத்தில், முப்பத்தெட்டு வீட்டுக்கும் முப்பத்தெட்டு அத்திக்கன்று விற்றவர் அவர்தான். கேட்டவர்களுக்கெல்லாம் கொடுத்தார். கேட்காதவர்களுக்கும் கூப்பிட்டுக் கொடுத்தார். ஏழு வருடம் கழித்து, தபால்காரர் வீட்டில் கழிவறைத் தண்ணீர் இறங்கவில்லை என்று என்னைக் கூப்பிட்டார்கள். தோண்டினேன். குழாய் இணைப்புக்குள் கையை விட்டு இழுத்தால், குதிரை வால் போல ஒரு வேர்க்கற்றை முழங்கை நீளத்துக்கு வருகிறது! வந்த ஆத்திரத்தில், "எந்த மடையன்யா இந்த மரத்த இங்க வித்தது?" என்று கத்திவிட்டேன்.

பின்னாலிருந்து ஒரு குரல், "நான்தாங்க அந்த மடையன்" என்றது.

திரும்பிப் பார்த்தால் அண்ணன் நிற்கிறார். சலவைச் சட்டையோடு அந்தச் சாக்கடைக் குழிக்குள் இறங்கினார். இணைப்பை விரலால் தடவிப் பார்த்தார். "சிமெண்டு பாதிதான் இருக்கு. இந்த ஜாயின்ட்ட யார் போட்டது?" என்றார். அந்தத் தெரு முழுவதற்கும் குழாய் பதித்தது நான். அவசர அவசரமாகப் பதித்தது நான்.

"நான்தான்" என்றேன்.

"அப்ப சரி. வேர் நல்ல குழாய உடைக்காது தம்பி. ஒழுகுற குழாய்க்குத்தான் குடிக்க வரும். நீ தண்ணி வச்ச, நான் விருந்தாளிய அனுப்பிட்டேன்" என்றார்.

இரண்டு பேரும் அந்த நாற்றத்துக்குள் நின்றுகொண்டு வயிறு வலிக்கச் சிரித்தோம். தபால்காரர் எங்களுக்குப் பைத்தியம் பிடித்துவிட்டது என்று நினைத்தார். மறுநாள் காலையில் அண்ணன் என் வீட்டு வாசலில் ஒரு டேப்போடு நிற்கிறார். "வா, முப்பத்தெட்டு வீடு இருக்கு" என்கிறார்.

அன்றிலிருந்து பத்தொன்பது வருடம். டேப்பின் ஒரு முனையைச் சுவரோடு வைத்து அழுத்திப் பிடிப்பது என் வேலை. மறுமுனையை இழுத்துக்கொண்டு நடப்பது அவர் வேலை. விற்ற பொருளைத் திருப்பிக் கொடுங்கள் என்று வீடு வீடாகப் போய்க் கெஞ்சிய கடைக்காரரை நீங்கள் வேறு எங்காவது பார்த்ததுண்டா? மரத்தை நானே எடுக்கிறேன், வேறு மரம் நானே வைக்கிறேன், குழாயை இவன் சரி செய்வான் என்றார். பதினான்கு வீடுதான் சம்மதித்தது. ஒரு வீட்டில் நாயை அவிழ்த்துவிட்டார்கள். அந்தப் பதினான்கிலும் ஆறு வீட்டில், நாங்கள் போன பிறகு, அதே இடத்தில் அதைவிட முரட்டு மரத்தைக் கொண்டுவந்து வைத்தார்கள். அண்ணனுக்கு அது தெரிந்த அன்று நடைபாதையிலேயே உட்கார்ந்துவிட்டார். "எட்டு வீடுடா தம்பி. எட்டே எட்டு" என்றார். அவரை அப்படி நான் பார்த்ததில்லை.

சம்மதிக்காத வீடுகளின் பட்டியலில் ஒரு வீடு என்னுடையது. ஆமாம்! டேப் பிடித்த இந்தக் கையின் வீடு! என் மகள் பிறந்த வாரம் என் மனைவி நட்ட மரம். படுக்கையறைச் சுவரிலிருந்து நான்கடி. அண்ணன் அளந்து பார்த்துவிட்டு டேப்பைச் சுருட்டினார். என் மனைவிதான், "இத வெட்டுனா நான் எங்கம்மா வீட்டுக்குப் போயிடுவேன்" என்றாள். அண்ணன் சிரித்தார். "பொண்ணு பொறந்தப்ப வச்சதாம்மா? அப்ப வெட்ட வேணாம். நான் வருஷா வருஷம் வந்து பாத்துக்கறேன்" என்றார்.

சொன்னபடி வந்தார். ஒவ்வொரு வருடமும் மழைக்கு முன்னால், மண்வெட்டியோடு வந்து, சுவருக்கும் மரத்துக்கும் நடுவே இடுப்பளவு பள்ளம் வெட்டி, வீட்டுப் பக்கம் வரும் வேரையெல்லாம் நறுக்கி, கெட்டித் தகடு இறக்கி மூடிவிட்டுப் போவார். பதினெட்டு தடவை! ஒரு வாய்த் தண்ணீருக்கு மேல் எதுவும் வாங்கியதில்லை. ஒரு பக்கத்து வேரை இப்படி வெட்டுவது மரத்துக்கும் நல்லதில்லை, எனக்கும் நல்லதில்லை என்று புலம்பிக்கொண்டே வெட்டுவார். என் மனைவியின் முகத்துக்காக அதைச் செய்தார்.

இந்த வருடம் அவர் வரவில்லை. படுத்துவிட்டார்.

கடைசியாக ஆஸ்பத்திரியில் பார்த்தேன். மூக்கில் குழாய். பேச்சு காற்றாக வருகிறது. ஜன்னலுக்கு வெளியே ஒரு மரம் நிற்கிறது. அவர் என்னைப் பார்க்கவில்லை, அந்த மரத்தையே பார்த்துக்கொண்டிருந்தார். "கிட்ட இருக்குல்ல?" என்றார். "தள்ளிதான் இருக்குண்ணே" என்று பொய் சொன்னேன். என் பொய் அவருக்குத் தெரியாதா? என் மணிக்கட்டைப் பிடித்தார்.

"உன் வீட்டு மரத்த வெட்டிடுடா. நான் வர மாட்டேன்னு வேருக்குத் தெரிஞ்சுடும்."

மறுநாள் போய்விட்டார்.

என் படுக்கையறைச் சுவரில் முன்பு மயிரிழையாக இருந்த விரிசலில் இன்று என் சுண்டுவிரல் நுழைகிறது. அவர் சொன்னது அப்படியே நடக்கிறது. அவருடைய பண்ணையில் பத்து நாளாகத் தண்ணீர் விட ஆளில்லாமல் கன்றுகள் தலை தொங்கிக் கிடக்கின்றன. நீலம் கரைத்து ஊற்ற யார் இருக்கிறார்கள்? நாளைக்கு ஒருவர் புது வீடு கட்டி, வாசலில் மரம் வைக்க நினைத்தால், "எத்தன அடி?" என்று கேட்க இந்த ஊரில் ஒரு வாய் உண்டா? எனக்கு நம்பிக்கை இல்லை. இரங்கல் கூட்டத்தில் இப்படிப் பேசக் கூடாது என்று தெரியும். ஆனால் உண்மையாகவே எனக்கு நம்பிக்கை இல்லை.

ஏன் இல்லை என்றும் சொல்லிவிடுகிறேன். இன்று காலை சீக்கிரமே இந்த மண்டபத்துக்கு வந்தேன். வாசல் படிக்கட்டுக்குப் பக்கத்தில் ஒரு குழி தோண்டியிருந்தது. பக்கத்தில் ரிப்பன் கட்டிய கன்று ஒன்று. தூங்குமூஞ்சி மரக்கன்று! வளர்ந்தால் இந்த மண்டபத்தையே குடை பிடித்து மூடும் மரம். கூட்டம் முடிந்ததும் அண்ணன் நினைவாக அதை நடப்போகிறோமாம். செயலாளர் அவர்களிடம் ஓடினேன். "இங்கயா?" என்றேன். "இங்க வச்சாதாங்க போட்டோவுல மண்டபத்து போர்டு தெரியும்" என்றார். அடியில் கழிவுநீர்க் குழாய் போகிறது என்றேன். "அண்ணே, இது மரியாதைக்கு வைக்கிறது. இதப் போய் அளந்தெல்லாம் பாக்கக் கூடாது" என்றார்.

அளந்து பார்க்கக் கூடாதாம்! யாருக்குச் செய்யும் மரியாதையை? பத்தொன்பது வருடம் அளந்தே தேய்ந்துபோன மனிதருக்கா?

அண்ணி அந்த டேப்பை என்னிடம் கொடுத்திருந்தார். சரி, நாமே அளப்போம் என்று எடுத்தேன். சுவரோடு ஒரு முனையை வைத்து, மேலே ஒரு செங்கல்லை வைத்துவிட்டு, இந்தப் பக்கம் இழுத்தேன். செங்கல் என் பின்னாலேயே வருகிறது. இரண்டு செங்கல் வைத்தேன். டேப் உருவிக்கொண்டு வந்துவிட்டது. நாலு தடவை ஓடி ஓடி வைத்தேன். கடைசியில் அந்தக் குழிக்குப் பக்கத்திலேயே உட்கார்ந்து அழுதேன். அவர் செத்த அன்றுகூட நான் அழவில்லை. காவலாளி வந்து, "என்னண்ணே, ஏதாவது தொலைச்சிட்டீங்களா?" என்று கேட்டார்.

பெரியோர்களே, இந்த இடத்தில் அன்னாரின் பணியைத் தொடர்வோம் என்று சபதம் எடுக்க வேண்டும். தாளிலும் அப்படித்தான் எழுதியிருக்கிறது. அவர் பணியை என்னால் தொடர முடியாது. எனக்கு மரம் தெரியாது, குழாய் மட்டும்தான் தெரியும். என்னால் ஆனது ஒன்றுதான். வரும் ஞாயிற்றுக்கிழமை காலையில் என் வீட்டு அத்திமரத்தை வெட்ட ஆள் சொல்லியிருக்கிறேன். என் மனைவி மூன்றாம் வரிசையில் இருக்கிறாள். அவளுக்கே இது இப்போதுதான் தெரியும். என்னை மன்னித்துவிடு. அவருக்குப் பிறகு அந்தப் பள்ளத்தை வெட்ட நமக்கு யாரும் இல்லை.

உங்களிடம் நான் கேட்பதும் ஒன்றுதான். அண்ணன் படத்தின் முன்னால் வைத்துக் கேட்கிறேன். அவர் பேரைச் சொல்லி ஒரு தவறான மரத்தை நட்டு, அவரை முப்பத்தொன்பதாவது தடவையாகக் குற்றவாளி ஆக்கிவிடாதீர்கள். எந்த மரம், எந்த இடம் என்று பிறகு பேசுவோம். இடமே இல்லையென்றால் குழியை மூடிவிடுவோம், வெறும் கையோடு போவோம். இன்றைக்கு முதலில் அளப்போம்.

டேப் இதோ இருக்கிறது. எழுத்தெல்லாம் அழிந்துவிட்டது, ஆனாலும் அளக்கும். தலைவர் ஐயா அவர்களே, வயதில் பெரியவர், உங்களிடம் கேட்கக் கூடாது. கொஞ்சம் மேடையை விட்டு இறங்கி வாசலுக்கு வாருங்கள். இந்த முனையைச் சுவரோடு வைத்துப் பிடித்துக்கொள்ளுங்கள். நான் இழுத்துக்கொண்டு நடப்பேன். நான் சொல்லும்வரை விட்டுவிடாதீர்கள்.